டிப்ஸ் இல்லாத ஊரில் பத்து சதவீதம்

சிங்கப்பூருக்குப் போகிறவர்களுக்குக் கிடைக்கும் முதல் அறிவுரை: "அங்கே டிப்ஸ் கொடுக்கிற வழக்கமே கிடையாது, கவலைய விடு." கேட்க ஜோராகத்தான் இருக்கிறது. ஆனால் உட்கார்ந்து சாப்பிடும் ரெஸ்டாரண்டுகள் பலவற்றில் விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறிகள் நிற்கும். ஒன்று 10% சேவைக் கட்டணம். இன்னொன்று ஜிஎஸ்டி, 2024 முதல் 9%.

கணக்குப் போட்டால் வேடிக்கை புரியும். 100 வெள்ளிக்குச் சாப்பிட்டால் சேவைக் கட்டணத்தோடு 110. அந்த 110-க்கும் சேர்த்து 9% வரி. மொத்தம் 119 வெள்ளி 90 காசு. ஆக, சேவைக் கட்டணத்துக்கும் வரி!

சரி, தட்டைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவருக்கு அந்த 10 வெள்ளி போகிறதா? போயே தீர வேண்டும் என்று சட்டம் இல்லை. அது கடையின் வருமானம். முதலாளி மனசு வைத்தால் பங்கு, இல்லாவிட்டால் இல்லை. பயணியோ "அதான் பில்லுலயே போட்டாச்சே" என்று நிம்மதியாக எழுந்து போகிறார். வசூல் மட்டும் பரிமாறியவர் பெயரில்!

விலையிலேயே சேர்த்துவிட வேண்டியதுதானே? அங்கேதான் சூட்சுமம். சிங்கப்பூரில் கடைக்காரர்கள் ஜிஎஸ்டியைச் சேர்த்தே விலையைக் காட்ட வேண்டும். சேவைக் கட்டணம் வாங்கும் ஹோட்டல், ரெஸ்டாரண்டுகளுக்கு மட்டும் விலக்கு. வரியும் கட்டணமும் தனி என்று எழுதி வைத்தால் போதும். கட்டணத்தை எடுத்தால் இந்தச் சலுகையும் போய்விடும். பிறகு யார் எடுப்பார்?

"அமெரிக்கா மாதிரி டிப்ஸுக்காக முகத்தைப் பார்த்து நிற்பதற்கு இது தேவலை" என்பார்கள். தேவலைதான். டிப்ஸ் வேண்டும் என்று இங்கே வாதமே இல்லை. போட்ட விலையை வாங்கு, அதிலிருந்து ஒழுங்காகச் சம்பளம் கொடு, அவ்வளவுதான். அதே ஊரின் உணவங்காடிகளில் அந்த நேர்மை இருக்கிறது. போர்டில் 5 வெள்ளி என்றால் கொடுப்பதும் 5 வெள்ளி. சாப்பிட்ட தட்டைச் சாப்பிட்டவரே எடுத்து வைக்க வேண்டும். 2021-லிருந்து அது கட்டாயம். சேவையும் இல்லை, சேவைக் கட்டணமும் இல்லை!

ரெஸ்டாரண்டுகள் இரண்டில் ஒன்றைச் செய்யட்டும். அந்தப் பத்து சதவீதத்தை முழுசாகப் பணியாளர்களுக்குக் கொடுக்கட்டும். இல்லையென்றால் 'சேவை' என்ற பெயரை எடுத்துவிட்டு, விலை என்றே சொல்லி வாங்கட்டும். அதுவரைக்கும் ஊர் சுற்றப் போகிறவர்கள் பில்லைக் கட்டும்போது ஒரே ஒரு கேள்வி கேட்கலாம்: "இந்தப் பத்து சதவீதம் யாருக்குப் போகுது?"