முரண்பாடு குற்றமா?

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். எழுதப் படிக்கத் தெரியாத என் தந்தைக்கு அச்சில் ஏறியதெல்லாம் சத்தியம். "புத்தகத்திலேயே போட்டிருக்கிறதா?" என்று அவர் கேட்டுவிட்டால் வழக்கு அத்துடன் முடிந்தது! அந்த எண்ணத்தோடு வளர்ந்த எனக்கு, ஒரே நூலுக்குள் இரண்டு செய்திகள் மோதிக்கொள்ளும் என்பது புதுமையாக இருந்தது.

விடுதியில் என் அறைத்தோழன் கிறிஸ்தவன். அவனுடைய வேதாகமத்தைப் புரட்டிய நான், ஒரு நாள் அவனை மடக்க முனைந்தேன். யூதாஸ் தூக்கிட்டு மாண்டான் என்கிறது மத்தேயு (27:5). விழுந்து வயிறு பிளந்து மாண்டான் என்கிறது அப்போஸ்தலர் நடபடிகள் (1:18). தாவீது மன்னன் போரடிக்கும் களத்துக்குக் கொடுத்த விலை 2 சாமுவேலில் (24:24) 50 வெள்ளிச் சேக்கல். 1 நாளாகமத்தில் (21:25) 600 பொன் சேக்கல். "எதை நம்புவது?" என்று சிரித்தேன்.

அவன் கோபப்படவில்லை. நீதிமொழிகள் 26ஆம் அதிகாரத்தைத் திறந்தான். மூடனுக்கு அவன் வழியிலேயே மறுமொழி சொல்லாதே என்கிறது 4ஆம் வசனம். சொல் என்கிறது 5ஆம் வசனம். "அடுத்தடுத்த வரியடா! எழுதியவருக்குத் தெரியாமலா போயிருக்கும்?" என்றான். அன்று அவன் எந்த வசனப்படி எனக்கு மறுமொழி சொன்னான் என்பதுதான் இன்றும் விளங்கவில்லை!

பிறகு நூலகத்தில் ஒரு செய்தி படித்தேன். கி.பி. 170ஐ ஒட்டி டாட்டியன் என்பவர் நான்கு சுவிசேஷங்களையும் பிணைத்து ஒரே வரலாறாகத் தொகுத்தார். சிரியாவின் சபைகளில் அது நெடுங்காலம் வழங்கியது. ஆயினும் 5ஆம் நூற்றாண்டில் தியோடொரேட் என்ற பேராயர் 200க்கும் மேற்பட்ட பிரதிகளை அகற்றி, தனித்தனியான நான்கு சுவிசேஷங்களையே மீண்டும் வைத்தார். வேற்றுமையை மறைக்க எளிய வழி கையில் இருந்தும், நான்கு குரல்களும் நிலைத்துவிட்டன!

யூதாஸ் தூக்கிட்டபின் கயிறு அறுந்து விழுந்தான் என்று இணைத்துச் சொல்வோர் உண்டு. கயிறு அறுந்ததாக இரண்டு நூல்களும் சொல்லவில்லையே! 50ம் 600ம் ஒன்றாகிவிடா. வேற்றுமையை வேற்றுமை என்றே ஒப்புக்கொள்வதில் இழிவென்ன? அதே சமயம், இரு சாட்சிகள் வேறுபட்டார்கள் என்பதற்காக இருவரையும் பொய்யர் என்று எள்ளி நகையாடுவதும் அறிவாகாது. அந்தத் தவற்றை நான் செய்தேன்.

நம் ஆய்வுக்கூடத்தை எண்ணிப் பாருங்கள். தனி ஊசல் சோதனையில் 980 வரவேண்டும் என்பதற்காக அளவுகளைத் திருத்தி எழுதுவோர் நம்மில் இல்லையா? நானும் எழுதியிருக்கிறேன். விடை அழகாக வந்தது. ஊசல் சொன்ன உண்மை போய்விட்டது.

மாணவ நண்பர்களே! முரண்பாட்டைக் கண்டால் மறைக்கவும் வேண்டாம், நகைக்கவும் வேண்டாம். ஏன் என்று கேட்போம். என் தோழனின் நம்பிக்கை இன்னும் என் நம்பிக்கை ஆகவில்லை. ஆனால் அவன் நூலை இப்போது கேட்டு வாங்கித்தான் படிக்கிறேன். விடுமுறைக்கு ஊர் செல்லும்போது என் தந்தையிடமும் சொல்வேன்: "புத்தகத்தில்தான் போட்டிருக்கிறது, அப்பா, இருந்தாலும் நாம் கேட்கலாம்."