பாதியில் அறுந்தா பாதியிலிருந்தே தொடரணும்

பொட்டி தட்டும் அன்பர்களே, இது உங்களுக்குத்தான். யார் வேணும்னாலும் கோப்பு அனுப்பலாம்னு ஒரு ஏபிஐ-யைத் திறந்துவிட்டால், அறுந்த இடத்திலிருந்து தொடரும் வசதி அதில் இருந்தே ஆகணும். அது உபரி வசதி இல்லைங்க, அடிப்படை.

ஏன்னு கேக்கறீங்களா? கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம், கோமுகி அணை தாண்டி கல்வராயன் மலை ஏறிப் பாருங்க. வளைவுக்கு வளைவு சிக்னல் வரும், போகும். வெள்ளிமலைக்கு அந்தாண்ட இருக்கற ஊர்ல ஒரு பொண்ணு கல்லூரிக்கு விண்ணப்பம் போடுதுன்னு வைங்க. சாதிச் சான்று, மார்க் ஷீட் எல்லாத்தையும் போனில் படம் பிடிச்சு ஒரே பிடிஎஃப்-ஆ சேர்த்தா 30 எம்பி. வேகம் 1 எம்பிபிஎஸ். ஒரு பைட்டுக்கு 8 பிட், ஆக 240 விநாடி, அதாவது 4 நிமிஷம். 3 நிமிஷத்துக்கு ஒருமுறை இணைப்பு அறுந்தா? ஒரே மூச்சில் வாங்குகிற ஏபிஐ-க்கு விடிய விடிய அனுப்பினாலும் அந்தக் கோப்பு போய்ச் சேராது. ஒவ்வொரு தடவையும் முக்கால்வாசி போய், மறுபடி பூஜ்யம். டேட்டா காலி. கடைசியில் பஸ் பிடிச்சு கள்ளக்குறிச்சி பிரவுசிங் சென்டருக்கு வரணும். கூட வர்ற அப்பாவுக்கு ஒரு நாள் கூலி போச்சு. கடைசி தேதி முடிஞ்சிருந்தா ஒரு வருஷமே போச்சு.

இதையே 1 எம்பி துண்டுகளா வாங்கினா துண்டுக்கு 8 விநாடிதான். அறுந்தாலும் நஷ்டம் அந்த ஒரு துண்டோட சரி.

புதுசா எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. கூகுள் டிரைவ் ஏபிஐ-யில் முதலில் ஒரு முகவரி தருவாங்க. கோப்பை 256 கேபி-யின் மடங்குகளா வெட்டி அங்கே அனுப்பணும். அறுந்துபோச்சா? வெறும் கோரிக்கை ஒண்ணு அனுப்பி "எதுவரைக்கும் வந்திருக்கு?"ன்னு கேக்கலாம். 308-னு பதில் வரும், எத்தனை பைட் சேர்ந்திருக்குன்னும் கூடவே சொல்லும். விக்கிமீடியா பொதுவகமும் இப்படித்தான். மொத்த அளவு, எந்த இடத்திலிருந்து வர்ற துண்டு, ரெண்டையும் சொல்லி அனுப்பணும். எல்லாம் சேர்ந்தபிறகுதான் வெளியிடும்.

"பாதிக் கோப்பெல்லாம் சர்வரில் குப்பையா சேருமே"ம்பீங்க. கெடு வைங்க. கூகுள் அந்த முகவரியை ஒரு வாரத்தில் காலாவதி ஆக்கிடுது. "சின்னக் கோப்பா அனுப்பச் சொல்லலாமே"ன்னா, தாராளமா சொல்லுங்க. ஆனா முதல்லயே சொல்லுங்க. 30 எம்பி-யையும் வாங்கிட்டு "அளவு அதிகம்"னு திருப்பி அனுப்பறது எந்த ஊர் நியாயம்?

ஆபீஸ் இணைப்பில் மட்டும் சோதிச்சுட்டு "ஓடுது"ன்னு சொல்லாதீங்க. பாதியில் ஒயரைப் பிடுங்குங்க. திரும்பச் செருகுங்க. விட்ட இடத்திலிருந்து தொடர்ந்துச்சுன்னா சரி, இல்லேன்னா உங்க வேலை இன்னும் முடியலை.

டிஸ்கி: 30 எம்பி, 3 நிமிஷமெல்லாம் கணக்குக்காக வைச்சுக்கிட்டது. மலையில் சிக்னல் இப்படிக் கணக்கு வைச்செல்லாம் போறதில்லை :-)