காயலான் கடை இல்லை, கல்லறை!

கடலுக்கடியில் கிடக்கும் கப்பலைப் பார்த்ததும் மனிதர்கள் இரண்டு வகையாகப் பிரிந்துவிடுகிறார்கள். ஒரு கூட்டம் வாயைப் பிளந்து பார்க்கும். இன்னொரு கூட்டம் "இதில் எதைக் கழற்றலாம்?" என்று பார்க்கும். ஜன்னல் வளையம், தட்டு, மணி, பெயர்ப்பலகை... எது கிடைத்தாலும் சரி. மேலே கொண்டுவந்து, பாசியைச் சுரண்டி, பித்தளையைப் பளபளவென்று தேய்த்து, வரவேற்பறையில் மாட்டிவிட்டால் பெரிய வீரர் ஆகிவிடலாம்.

இது வீரம் இல்லை, திருட்டு. அதுவும் செத்தவர்களிடம் திருடும் திருட்டு.

சும்மா பொதுவாகத் திட்டாமல் ஒரு இடத்தை எடுத்துக்கொள்வோம். கனடாவின் கிழக்குக் கோடியில் நியூஃபவுண்ட்லாந்து. அங்கே கான்செப்ஷன் விரிகுடாவில் பெல் தீவு. சின்னத் தீவுதான், ஆனால் 1895-லிருந்து அங்கே இரும்புத் தாது வெட்டினார்கள். இரண்டாம் உலகப் போரின்போது இந்தத் தாது நோவா ஸ்கோஷியாவின் சிட்னி உருக்காலைக்குப் போனது. இதில் ஒரு கொடுமை என்னவென்றால், போருக்கு முன்பு, 1930-களில், இதே தாதுவை மூட்டை மூட்டையாக இல்லை, கப்பல் கப்பலாக வாங்கிய நாடுகளில் ஜெர்மனியும் ஒன்று. பழைய வாடிக்கையாளருக்குக் கடைக்கு வழி தெரியாதா என்ன?

1942 செப்டம்பர் 5. யு-513 என்ற ஜெர்மன் நீர்மூழ்கி, தாது ஏற்றி நங்கூரமிட்டு நின்ற சாகநாகா, லார்ட் ஸ்ட்ராத்கோனா என்ற இரண்டு கப்பல்களைக் கவிழ்த்தது. சாகநாகா அடிபட்டதைப் பார்த்த ஸ்ட்ராத்கோனா ஆட்கள் உடனே படகுகளில் இறங்கித் தப்பித்தார்கள். இரண்டே மாதத்தில், நவம்பர் 2 அன்று, யு-518 வந்தது. ரோஸ் காசில், பி.எல்.எம். 27 என்று இன்னும் இரண்டு. ஒரு டார்பிடோ தீவின் கப்பல் துறையையே தாக்கியது. நான்கு கப்பல்களிலும் சேர்த்து 60-க்கும் மேற்பட்ட மாலுமிகள் செத்தார்கள். வயிறு நிறைய இரும்புக்கல்லை வைத்திருக்கும் கப்பலில் ஓட்டை விழுந்தால் என்ன ஆகும்? கல் மாதிரி முழுகும். உள்ளே தூங்கிக்கொண்டிருந்தவனுக்குச் சட்டை போடக்கூட நேரமில்லை.

அந்த நான்கு கப்பல்களும் இன்றும் அங்கேயேதான் இருக்கின்றன. கோடையிலும் அடியில் தண்ணீர் பனிக்கட்டி மாதிரிதான் இருக்கும். உடம்பில் தண்ணீர் படாத டிரை சூட் இல்லாமல் இறங்க முடியாது. கைவிரல் மரத்துப் போகும், குளிரில் ரெகுலேட்டரே உறைந்து காற்றைக் கொட்ட ஆரம்பிக்கும். ரோஸ் காசில்தான் நான்கிலும் ஆழம். பொழுதுபோக்கு டைவிங்கின் எல்லை என்று சொல்லும் 40 மீட்டருக்கும் கீழே அதன் தரை. இவ்வளவு கஷ்டப்பட்டு இறங்கினால் கிடைப்பது என்ன? இரும்புக் கம்பிகள் மேல் பூந்தோட்டம் மாதிரி கடல் அனிமோன்கள். பீரங்கி. ரோஸ் காசிலின் ரேடியோ அறையில் மார்க்கோனி வானொலிக் கருவி. அத்தனையையும் டைவர்கள் படமெடுத்து வந்திருக்கிறார்கள்.

யாரோ ஒருவர் அந்த வானொலியைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோயிருந்தால்? அவர் வீட்டில் அது ஒரு துருப்பிடித்த பெட்டி. அங்கே இருக்கும்போதுதான் அது ஒரு மனிதன் கடைசியாக உட்கார்ந்த மேஜை.

இப்போது கழற்றும் கோஷ்டியின் வாதங்களைப் பார்ப்போம்.

முதல் வாதம்: "கடல் எப்படியும் தின்னப் போகிறது. எடுத்தால் காப்பாற்றின மாதிரி." கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பல வருடம் உப்புத் தண்ணீரில் ஊறிய இரும்பை வெளியே எடுத்து அப்படியே வைத்தால், உள்ளே இறங்கிய உப்பு அதை இன்னும் வேகமாகத் தின்னும். முறையாகப் பாதுகாக்க ஆய்வகம் வேண்டும், மாதக்கணக்கில் உப்பை இறக்க வேண்டும். இதையெல்லாம் செய்கிற அருங்காட்சியகம் எடுத்தால் அது வேறு விஷயம். கார் ஷெட்டில் போட்டு வைப்பதற்குப் பெயர் காப்பாற்றுவதா?

இரண்டாவது வாதம்: "நான் ஒருத்தன் ஒரு தட்டு எடுத்தால் என்ன குறைந்துவிடும்?" காமர்ஸ் படிக்கிற யாரும் இந்தக் கணக்கில் விழக்கூடாது. பெல் தீவின் சுரங்கம் 1966-ல் மூடப்பட்டது. அதோடு தீவின் பிழைப்பும் போனது. இன்று அங்கே வெளியூர்க்காரன் வர ஒரு முக்கியக் காரணம் இந்தக் கப்பல்கள். வருகிறவன் பார்த்துவிட்டுப் போனால் முதல் அப்படியே இருக்கும், வட்டி வந்துகொண்டே இருக்கும். ஆளுக்கொரு தட்டு எடுத்தால்? முதலையே வட்டி என்று நினைத்துச் சாப்பிடுவது. வருஷத்துக்கு 200 பேர் வந்து ஆளுக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டால்கூட பத்து வருஷத்தில் 2000 பொருள். அப்புறம் மிச்சமிருப்பது வெறும் இரும்புத் தகடு. அதைப் பார்க்க யார் வருவான்?

மூன்றாவது வாதம்தான் ரொம்பக் கேவலம்: "அது போர்க்கப்பல் இல்லையே, வெறும் சரக்குக் கப்பல்தானே!" இதை டைவர்கள் மட்டும் சொல்லவில்லை, அரசாங்கங்களே சொல்லியிருக்கின்றன. கனடாவின் வணிகக் கப்பல் மாலுமிகளில் ஏழில் ஒருவர் போரில் இறந்தார் அல்லது காயம்பட்டார். ஆனால் போர் முடிந்ததும் அவர்கள் "சிவிலியன்" ஆகிவிட்டார்கள். ராணுவத்தினருக்குக் கிடைத்த சலுகைகள் அவர்களுக்குச் சட்டப்படி கிடைத்தது 1992-ல். இழப்பீட்டுத் தொகை வந்தது 2000-ல். அதற்குள் எத்தனை பேர் போய்ச் சேர்ந்திருப்பார்கள்?

பிரிட்டனிலும் இதே கதை. போர்க் கல்லறைகளைக் காக்க அங்கே 1986-ல் ஒரு சட்டம் வந்தது. ஸ்டோரா என்ற சரக்குக் கப்பல் 1943 நவம்பரில், பாதுகாப்பு அணியில் போய்க்கொண்டிருந்தபோது, ஹேஸ்டிங்ஸ் ஊருக்கு அருகே ஜெர்மன் டார்பிடோ படகால் மூழ்கடிக்கப்பட்டது. அதில் பீரங்கி வீரராக இருந்து இறந்த ஒருவரின் மகள்கள், அப்பாவின் கல்லறையைக் காப்பாற்றுங்கள் என்று கேட்டார்கள். "வணிகக் கப்பல், ராணுவச் சேவை இல்லை, இந்தச் சட்டத்தில் வராது" என்றது பாதுகாப்பு அமைச்சகம். மகள்கள் விடவில்லை. 2005-ல் உயர் நீதிமன்றம், 2006-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் இரண்டுமே அமைச்சகத்தின் வாதத்தை ஏற்கவில்லை. 2008-ல் ஸ்டோரா பாதுகாக்கப்பட்ட இடமானது. செத்தவனுக்கு மரியாதை வாங்க 65 வருஷம்!

யுனெஸ்கோவின் 2001 ஒப்பந்தத்தையும் பாருங்கள். நீருக்கடியில் குறைந்தது 100 வருஷம் கிடந்தால்தான் அது பண்பாட்டு மரபு. அந்தக் கணக்குப்படி ரோஸ் காசில் 2042 நவம்பரில்தான் மரபு ஆகும். அதுவரைக்கும் என்ன, குப்பையா? செத்தவனுக்கு மரியாதை கொடுக்கக் காலண்டர் பார்க்க வேண்டுமா?

இதைக் கேட்டதும் இன்னொரு கோஷ்டி கிளம்பும். "அப்படியானால் டைவிங்கையே தடை செய்துவிடலாமே!" இதுவும் சோம்பேறித்தனம். பூட்டு போட்டால் திருடன் ராத்திரியில் வருவான், நல்லவன்தான் வெளியே நிற்பான். அந்தக் கப்பல்களின் நிலைமை வெளியே தெரிவதே டைவர்களால்தான். பனிப்பாறைகள் வந்து இடித்து உடைத்த பகுதிகளைப் படம் பிடித்துக் காட்டுவதும் அவர்கள்தான். கல்லறைக்குப் போகக்கூடாது என்று யாரும் சொல்வதில்லை. கல்லறையைத் தோண்டாதே என்றுதான் சொல்கிறார்கள். பிரிட்டிஷ் சட்டத்தில் 'பாதுகாக்கப்பட்ட இடம்' என்றாலும் அதுதான் அர்த்தம்: பார்க்கலாம், தொடக்கூடாது, உள்ளே நுழையக்கூடாது.

செய்ய வேண்டியது பெரிய ராக்கெட் விஞ்ஞானம் இல்லை. படகுகள் கப்பல் மேலேயே நங்கூரத்தை வீசாமல் இருக்க நிலையான மிதவைகள். இறங்குவதற்கு முன் அங்கே யார் செத்தார்கள், எப்படிச் செத்தார்கள் என்று பத்து நிமிஷம் பேச்சு. பை கொண்டுபோகாதே, சுத்தியல் கொண்டுபோகாதே என்று கறாரான விதி. மீறினால் அந்த ஆளை இனி எந்தப் படகும் ஏற்றக்கூடாது. சட்டம் வருகிறபோது வரட்டும், படகுக்காரர்கள் நினைத்தால் நாளைக்கே செய்யலாம்.

உங்கள் நண்பர் யாராவது "மூழ்கின கப்பலில் எடுத்தது" என்று எதையாவது பெருமையாகக் காட்டினால், "சூப்பர்" என்று சொல்லாதீர்கள். "அந்தக் கப்பலில் எத்தனை பேர் செத்தார்கள்?" என்று மட்டும் கேளுங்கள். பதில் தெரியாமல் முழிப்பார். அந்த முழிப்பே போதும்.