நாவலுக்கு ஒரு சொல்லடைவு

நம் கல்லூரியில் கவிதை எழுதுவோருக்குப் பஞ்சமில்லை. சிறுகதை எழுதுவோரும் வகுப்புக்கு இருவராவது தேறுவர். நாவல் என்றால் மட்டும் எல்லோரும் ஒதுங்கிக்கொள்கிறோம். காரணம் கற்பனைக் குறைவன்று. நினைவில் வைத்துக்கொள்ள முடியாத மலைப்பு. மூன்றாம் அத்தியாயத்தில் மாமாவுக்கு எந்த ஊரில் வேலை என்று எழுதினோம் என்பது முப்பதாம் அத்தியாயத்தில் மறந்துவிடுகிறது.

இந்த மலைப்பைக் குறைக்கவே 2007இல் ஸ்க்ரிவ்னரும், 2020இல் அப்சிடியனும் வந்தன. மாந்தர், ஊர், நிகழ்ச்சி ஒவ்வொன்றுக்கும் தனிக் குறிப்பு எழுதி, அவற்றுள் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு அப்சிடியனில் இணைப்புக் கொடுக்கலாம். "எழுத்தாளனுக்குக் கணிப்பொறி எதற்கு?" என்று கேட்போர் உண்டு. அவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

முடிச்சூரில் 2015 வெள்ளத்தைப் பற்றி நம்மில் ஒருவர் நாவல் எழுதுவதாகக் கொள்வோம். அந்த டிசம்பர்த் தொடக்கத்தில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. மழை பெய்தது. அன்று தாம்பரம் நகராட்சிதான், மாநகராட்சியானது 2021இல். எனவே வீட்டை இழந்த கதைமாந்தர் மறுவாரமே மாநகராட்சி அலுவலகத்தில் மனுக் கொடுக்க முடியாது. அவருடைய இளமைக்கால நினைவில் கடற்கரை–தாம்பரம் மீட்டர்கேஜ் மின்சார வண்டி வரலாம்; 1931இல் தொடங்கிய அந்த வண்டியை 2004க்குப் பின் ஓடவிட்டால், தினமும் ரயிலில் வரும் நம் வாசகர்களே சிரிப்பார்கள். இத்தகைய செய்திகளைக் காவல் காக்க மென்பொருளைவிட நல்ல காவலாள் இல்லை.

ஆனால் அந்தக் காவலாளுக்குத் தமிழ் இலக்கணம் தெரியாது என்பதை மறக்கக் கூடாது. "அடையாறு" என்று தேடினால் "அடையாற்றில்" என்று நாம் எழுதிய குறிப்பு அகப்படாது. "தாம்பரம்" என்றால் "தாம்பரத்தில்" கிடைக்காது. ஈற்றை வெட்டி "தாம்பர" என்று தட்டினால் இரண்டும் வரும். இது தொல்லைதான், பெரிய குறையில்லை. பெரிய குறை வேறு. வெள்ளத்தைக் கண்டவர்களில் ஒருவர் "ஏரியத் தொறந்து விட்டுட்டாங்க" என்பார். மற்றொருவர் "ஆறு உள்ள வந்துடுச்சு" என்பார். "மாடியில இருந்த அந்த ரெண்டு நாள்" என்பதோடு ஒரு தாய் நிறுத்திக்கொள்வார். மூன்றும் ஒரே வெள்ளம் என்று எந்தத் தேடுபெட்டிக்குத் தெரியும்? அதற்கான தலைச்சொல்லை நாம்தான் இட வேண்டும்.

இது புதிய வேலையுமன்று. 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே. சாமிநாதையரை எண்ணிப் பாருங்கள். நச்சினார்க்கினியர் நூற்பெயர் சொல்லாமலே மேற்கோள்களை அள்ளித் தெளித்திருந்தார். அவை எந்தெந்த நூலில் உள்ளவை எனக் கண்டறிய ஐயர் ஏட்டுச் சுவடிகளைத் துருவித் துருவிப் படித்தார். சொற்களுக்கும் செய்திகளுக்கும் தம் கையாலேயே அகராதி எழுதி வைத்துக்கொண்டார். எதைத் தலைச்சொல்லாக்குவது, எதை விடுவது என்று முடிவு செய்தது அவருடைய படிப்பு. அவர் பெயரால் 1943இல் நிறுவிய நூல்நிலையம் பெசன்ட் நகரில் இருக்கிறது. நம்மில் எத்தனை பேர் அங்கே போயிருப்போம்?

நாவலுக்கும் அப்படித்தான். "ஏரியத் தொறந்து விட்டுட்டாங்க" என்ற குறிப்பை "வெள்ளம்" என்ற தலைப்பில் சேர்ப்பதா, "கோபம்" என்ற தலைப்பில் சேர்ப்பதா என்று தயங்குகிறோமே, அந்த இடத்தில்தான் நாவலின் திட்டம் உருவாகிறது என்பது என் துணிபு. அந்தத் தயக்கத்தை இயந்திரத்திடம் ஒப்படைப்பவருக்கு அடுக்கிய குறிப்புகள் மிஞ்சும், நாவல் மிஞ்சாது. குறிப்புகளுக்கு வண்ணம் பூசுவதிலேயே ஆண்டைக் கழிப்போரைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. தேர்வுக்கு அட்டவணை போடுவதிலேயே தேர்வைத் தவறவிடும் நம் மரபு அது!

ஒன்று மட்டும் எச்சரிக்கையாகச் சொல்வேன். யூனிகோடுக்கு முன் ஒவ்வோர் எழுத்துருவுக்கும் ஒவ்வொரு குறியீடு இருந்தது. அன்று தட்டச்சிட்ட தமிழ்க் கோப்புகள் பல, அந்த எழுத்துரு இல்லாத கணிப்பொறியில் வெறும் கிறுக்கலாகத் தெரிகின்றன. ஆகவே குறிப்புகளை யூனிகோடில், எளிய உரைக் கோப்பாக, நம் கையிலேயே வைத்திருக்க வேண்டும். அப்சிடியன் அப்படித்தான் சேமிக்கிறது. நான் அதை விரும்புவதற்கு அதுவே முதற்காரணம்.

பேராசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். தமிழ்த்துறை மாணவரும் கணினித்துறை மாணவரும் இருவர் இருவராகச் சேர்ந்து, இந்த விடுமுறையில் முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் ஐம்பது வீடுகளின் வெள்ளக்கதையைக் கேட்டு எழுதிவர அனுமதி தாருங்கள். தலைச்சொற்களைப் பற்றி நாங்கள் சண்டை போட்டுக்கொள்கிறோம்.