தொகுதி இல்லாத தேர்தல்

தேர்தல் வந்துவிட்டால் தமிழ் இணையத்தில் எல்லோரும் அரசியல் எழுதுகிறார்கள். எழுதட்டும், அதில் எனக்குப் புகார் இல்லை. என் சண்டை வேறு. இத்தனை பேர் இத்தனை எழுதியும் ஏன் ஒருவர்கூடத் தன் சொந்தத் தொகுதியைப் பற்றி எழுதுவதில்லை? 234 தொகுதிக்கும் சேர்த்து ஒரே கட்டுரையைத்தான் ஆளாளுக்கு எழுதிக்கொண்டிருக்கிறோம். திராவிடம் தாங்குமா, தேசியம் நுழையுமா, மூன்றாவது அணி தேறுமா. சென்னையில் ஒரு ஸ்டூடியோவில் நாலு பேர் உட்கார்ந்து பேசியதைக் கொஞ்சம் நல்ல தமிழில் மாற்றினால் அதற்குப் பேர் அரசியல் கட்டுரை.

என் ஊர் ராசிங்காபுரம். போடிக்கும் தேவாரத்துக்கும் நடுவில், மேற்கே நிமிர்ந்து பார்த்தால் ஏலமலை. எங்கள் தொகுதி ஒன்றும் பேர் தெரியாத தொகுதி அல்ல. ஜெயலலிதா முதன்முதலாக எம்.எல்.ஏ. ஆனது 1989-ல் போடிநாயக்கனூரில்தான். அன்றைக்கு அவருக்கு இரட்டை இலைகூடக் கிடையாது, சேவல் சின்னம். பிறகு 2011, 2016, 2021 என்று மூன்று முறை ஓ. பன்னீர்செல்வம். 2021-ல் எதிரே நின்றவர் தங்க தமிழ்ச்செல்வன். வித்தியாசம் 11,021 ஓட்டு. இப்படி இழுபறியாக ஒரு போட்டி நடந்த தொகுதியைப் பற்றி அந்த மார்ச், ஏப்ரலில் நான் படித்தவற்றில் மெரினா தியானம் இருந்தது, தர்மயுத்தம் இருந்தது, இரட்டைத் தலைமை இருந்தது. போடி மட்டும் இல்லை. வேட்பாளரின் விலாசத்தில் வரும் ஒரு ஊர்ப்பேராக இருந்தது, அவ்வளவுதான்.

போடியில எழுத அப்படி என்ன இருக்கு என்று கேட்பீர்கள். ரயில் இருக்கிறது.

மதுரை–போடி ரயில் பாதை 1928-ல் வந்தது. 90 கிலோமீட்டர், மீட்டர் கேஜ். அகலப்பாதை ஆக்குகிறோம் என்று 2010 டிசம்பர் 31-ஆம் தேதியோடு நிறுத்தினார்கள். மறுபடி போடிக்குள் ரயில் வந்தது 2023 ஜூன் 15. பன்னிரண்டரை வருஷம். அந்த இடைவெளியில் மூன்று சட்டமன்றத் தேர்தல், இரண்டு நாடாளுமன்றத் தேர்தல் நடந்து முடிந்துவிட்டன. எங்கள் தெருவுக்குள் வந்த பிரச்சார ஆட்டோவில் ரயில் வராத தேர்தல் எனக்கு நினைவில் இல்லை. "நிதி ஒதுக்கியாச்சு" என்பார்கள், "பாலம் மட்டும்தான் பாக்கி" என்பார்கள். கடைசியில் ரயில் வந்தபோது ஆளுக்கொரு பேனர் வைத்து அதைத் தங்கள் கணக்கில் எழுதிக்கொண்டார்கள். எந்தத் தேர்தலில் யார் எதை, எந்த வருஷத்துக்குள் என்று சொன்னார்? சரிபார்க்க ஒரு நோட்டீஸ் கிடையாது. ஓட்டு எண்ணி முடிந்த மறுவாரமே அதெல்லாம் டீக்கடையில் வடை எண்ணெய் துடைக்கப் போய்விட்டது. இவ்வளவுக்கும் இதே போடியில் ஏலக்காய் ஏல மையம் இருக்கிறது. எந்த லாட் எத்தனை கிலோ, என்ன விலைக்குப் போனது என்று கம்ப்யூட்டர் திரையில் வரும், அப்படியே பதிவாகும். காய்க்கு இருக்கிற கணக்கு வாக்குறுதிக்குக் கிடையாது.

ரயிலாவது வந்து சேர்ந்தது. ஜீப்பை யார் எழுதுவது? விடியும் முன்னே போடிமெட்டு ஏறும் ஜீப்புகளில் அடைத்துக்கொண்டு போகிறவர்களில் பெரும்பாலும் பெண்கள். வேலை, கேரளத்தில் உடும்பன்சோலைப் பக்கம் ஏலத்தோட்டங்களில். கூலியும் அங்கே, கூலிச் சட்டமும் அங்கே. ஓட்டு மட்டும் இங்கே. அங்கே உள்ள எம்.எல்.ஏ.வுக்கு இவர்கள் வாக்காளர்கள் அல்ல, அதனால் கவலை இல்லை. இங்கே உள்ளவரைக் கேட்டால் அது அடுத்த மாநிலத்து விவகாரம். பிரதிநிதித்துவம் என்ற சொல்லை வைத்து ஆயிரம் பக்கம் எழுதுகிற நம் சிந்தனையாளர்கள், அந்தச் சொல் பல்லிளிக்கும் இடத்தைப் பார்க்க வேண்டுமென்றால் காலை ஐந்து மணிக்குப் போடி பஸ் ஸ்டாண்டுப் பக்கம் வந்து நிற்கலாம். 2021-ல் இரண்டு மாநிலத்துக்கும் ஒரே நாளில், ஏப்ரல் 6-ஆம் தேதி, ஓட்டுப்பதிவு. அன்று இந்த மக்களைப் பற்றி இணையத்தில் வந்த ஒரே பேச்சு, இவங்க ரெண்டு பக்கமும் ஓட்டு வச்சிருக்காங்களாமே என்பது. ஜீப்பில் எத்தனை பேரை ஏற்றுகிறார்கள் என்று ஒருவரும் எண்ணவில்லை, ஓட்டை எண்ணினார்கள்.

இணையம் எங்கள் பக்கம் திரும்பவே இல்லை என்று சொல்ல முடியாது. நியூட்ரினோவுக்காகத் திரும்பியது. 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல், ஏறத்தாழ 1,500 கோடி ரூபாய், எங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே பொட்டிப்புரம் மலைக்குள் சுரங்கம். அடேயப்பா, எவ்வளவு எழுத்து! ஆதரித்தவர்கள் துகள் இயற்பியல் பாடம் எடுத்தார்கள். எதிர்த்தவர்களில் பலர் கதிர்வீச்சு என்று கிலி கிளப்பினார்கள். இரண்டு தரப்பும் ஒன்றையொன்று முட்டாள் என்று நிரூபித்துக் களைத்துப்போனது. ஊர்க்காரர்கள் கேட்டது இரண்டே கேள்வி. மலையில மாடு மேய்க்க விடுவீங்களா? கிணத்துத் தண்ணி என்ன ஆகும்? இந்த இரண்டையும் எந்த வேட்பாளர் எப்படிச் சமாளித்தார் என்று எழுத ஆள் இல்லை. 2022-ல் தமிழக அரசு உச்ச நீதிமன்றத்தில் திட்டம் வேண்டாம் என்று சொன்னபோது முன்னால் வைத்த காரணம் புலிகளின் வழித்தடம். சரியான காரணம்தான். புலிக்கு இருக்கும் வழித்தடம் மாட்டுக்காரருக்கு இல்லை என்பது வேறு விஷயம்.

இதற்கு வரும் முதல் பதில் எனக்குத் தெரியும்: தொகுதி அளவில் இறங்கினா சாதியும் காசும்தான் தம்பி, அதுல எழுத என்ன இருக்கு?

சாதியைப் பற்றி ஏற்கெனவே எழுதிக்கொண்டுதான் இருக்கிறார்கள். "தொகுதி நிலவரம்" என்று வரும் பக்கங்களில் இன்ன சாதி 23 சதவீதம், இன்னது 17.5 சதவீதம் என்று தசமப் புள்ளியோடு போடுகிறார்கள். தலித், பழங்குடி தவிர மற்றச் சாதிகளின் எண்ணிக்கை 1931-க்குப் பிறகு சென்சஸில் வெளிவந்ததே இல்லை. பிறகு இந்தப் புள்ளி எங்கிருந்து வருகிறது? யாரும் கேட்பதில்லை. நான் வேலை செய்யும் இடத்தில் ஆதாரமில்லாமல் ஒரு எண்ணை டேஷ்போர்டில் போட்டால் அன்று மதியமே மீட்டிங் வைத்துவிடுவார்கள்.

காசுக்கு வருவோம். 2019 ஏப்ரலில், வாக்குப்பதிவுக்கு முன்பாக, ஆண்டிபட்டியில் வருமான வரித் துறை 1.48 கோடி ரூபாயைப் பிடித்தது. கவர்களின் மேல் வார்டு எண், அந்த வார்டில் எத்தனை ஓட்டு, தலைக்கு 300 ரூபாய் என்று எழுதியிருந்தது. இதை ஊழல் செய்தியாக எல்லோரும் பகிர்ந்தோம். எனக்கு அந்தக் கவர்தான் கண்ணில் நிற்கிறது. தேனி மாவட்டத்தில் வார்டு வார்டாக மனிதர்களை எண்ணி, சரிபார்த்து, எழுதிவைக்க ஆள் இருந்திருக்கிறார்கள். அடிமட்ட வேலை என்றால் அதுதான். கெட்ட காரியத்துக்காக நடந்தது என்பதால் வேலை பொய்யாகிவிடாது.

படிவம் 20 என்று ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு வாக்குச்சாவடியிலும் எந்த வேட்பாளருக்கு எத்தனை ஓட்டு என்ற பட்டியல். தேர்தல் முடிந்ததும் பொதுவில் வைக்கிறார்கள், பிடிஎஃப் ஆக. கட்சிக்காரர் அதை வரிவரியாகப் படிக்கிறார், எந்தத் தெரு நமக்குப் போடவில்லை என்று பார்க்கிறார், அந்தத் தெருவுக்கு அடுத்த ஐந்து வருஷம் சாக்கடை தூர்வாருவதில்லை. இந்தப் பழிவாங்கலுக்குப் பயந்துதான் பல சாவடிகளின் ஓட்டைக் கலந்து எண்ணும் டோட்டலைசர் கருவியைத் தேர்தல் ஆணையம் 2008-லேயே கேட்டது. சட்ட ஆணையம் 2015-ல் ஆதரித்தது. இன்னும் வரவில்லை. ஆக, அந்தப் பட்டியலைக் கட்சிக்காரர் படிக்கிறார். அரசியல் எழுதுகிற நமக்கு அப்படியொன்று இருப்பதே தெரியாது. கேட்டால், ஐடி விங் எங்கள் இடத்தைப் பிடித்துக்கொண்டது என்று புலம்புகிறோம். காலியாகக் கிடந்த இடம்தானே!

பிரிட்டனில் 2010 பொதுத்தேர்தலில் சில சாதாரண ஆட்கள், அதிலும் கம்ப்யூட்டர்காரர்கள், ஒரு வேலை செய்தார்கள். வாசல் கதவின் இடுக்கில் கட்சிகள் செருகிவிட்டுப் போகும் துண்டறிக்கைகளை மக்கள் படம் எடுத்து அனுப்ப, தொகுதிவாரியாகச் சேர்த்துவைத்தார்கள். தி ஸ்ட்ரெய்ட் சாய்ஸ் என்று அதற்குப் பேர். 1983-ல் பெர்மண்ட்ஸே இடைத்தேர்தலில் லிபரல் கட்சி விட்ட ஒரு துண்டறிக்கையிலிருந்து எடுத்த பேர் அது. எதிரே நின்ற பீட்டர் டாட்செல் தன்பாலீர்ப்பாளர் என்பதை ஜாடையாகக் குத்தியது என்று பேர்போன காகிதம். அதில் ஜெயித்த சைமன் ஹியூஸ் அந்தப் பிரச்சாரத்துக்காக 2006-ல் மன்னிப்புக் கேட்டார். ஒரு காகிதம் 23 வருஷம் கழித்தும் ஒருவரைத் துரத்தியிருக்கிறது. அதே 2010-ல் டெமாக்ரசி கிளப் என்ற இன்னொரு தன்னார்வக் கூட்டம், தொகுதிக்குத் தொகுதி உள்ளூர்ப் பிரச்சினைகளைத் திரட்டி வேட்பாளர்களிடம் பதில் கேட்டது. யாரும் சித்தாந்தம் பேசவில்லை. உங்க தொகுதியில என்ன பிரச்சினை, எழுதி அனுப்புங்க, அவ்வளவுதான்.

வெள்ளைக்காரன் செய்தான் என்று நாமும் செய்ய வேண்டியதில்லை. நம் சட்டமே இதற்கு வழி வைத்திருக்கிறது. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1951, பிரிவு 127ஏ: தேர்தல் நோட்டீஸ் எதுவானாலும் அச்சிட்டவர், வெளியிட்டவர் பேரும் விலாசமும் இருக்க வேண்டும். அச்சகக்காரர் ஒரு பிரதியை அதிகாரிக்கு அனுப்ப வேண்டும். மாவட்டத்தில் அச்சடித்தால் அது மாவட்ட நிர்வாகத்துக்கு. தவறினால் ஆறு மாதம் வரை சிறை. அதாவது, டீக்கடையில் எண்ணெய் துடைத்த அந்தக் காகிதத்தின் ஒரு பிரதி தேனி ஆட்சியர் அலுவலகத்துக்குப் போயிருக்க வேண்டும்.

நோட்டீஸ் காலமெல்லாம் முடிஞ்சுபோச்சு, எல்லாம் வாட்ஸப் என்கிறீர்களா? வாட்ஸப்பில் வரும் வீடியோவில் அச்சிட்டவர் பேர் இல்லை. காகிதத்துக்கு மதிப்பு கூடியிருக்கிறதே தவிரக் குறையவில்லை. ஊரில் இருந்துகொண்டு பேர் போட்டு எழுத முடியாது என்பது இன்னொரு பதில். இது நியாயமான பதில், பெங்களூரில் உட்கார்ந்து நான் இதை லேசாகத் தள்ளிவிட முடியாது. ஆனால் நோட்டீஸை மடித்து டிரங்குப் பெட்டியில் வைக்கக் கருத்து தேவையில்லை, பேரும் தேவையில்லை. வீட்டில் இருக்கும் அக்காவோ சித்தப்பாவோ போனில் ஒரு படம் எடுத்து அனுப்பினால் போதும்.

போடி தொகுதியில் 2011 முதல் வந்து சேர்ந்த 127ஏ பிரதிகளைக் கேட்டுத் தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போட்டிருக்கிறேன். பத்து ரூபாய் செலவு. எங்கள் மாவட்டத்தில் ஆண்டிபட்டி, பெரியகுளம், கம்பம் என்று இன்னும் மூன்று தொகுதிகளுக்கு ஆள் வேண்டும்.