அறுபதைக் கடந்தவருக்கு ஸ்போர்ட்ஸ் கார் எதற்கு? கல்வராயன் மலைச்சாலை சொல்லும் பதில்

“இந்த வயசுல எதுக்குங்க இந்த வண்டி?” அறுபதைத் தொட்ட ஒருவர், இரண்டே கதவு உள்ள, தரையோடு தரையாக உட்கார்ந்திருக்கும் ஒரு காரை வாங்கப் போவதாகச் சொன்னால், கள்ளக்குறிச்சியிலும் சரி, சென்னையிலும் சரி, முதலில் வரும் கேள்வி இதுதான். வீட்டில் கேட்பார்கள், கடைத்தெருவில் கேட்பார்கள். “பேரப் பிள்ளைங்கள எங்க உட்கார வைப்பீங்க?” என்று பக்கத்து வீட்டுக்காரரும் கேட்பார்.

கேட்பவர்களின் அக்கறை நியாயமானது. ஆனால் அவர்கள் பார்ப்பது பிறந்த தேதியை மட்டும். பார்க்க வேண்டியவை வேறு: கண், கழுத்து, கால், தினமும் போடும் மாத்திரை, போகப்போகிற சாலை, போகிற வேகம். இவை சரியாக இருந்தால் 65 வயதுக்காரர் ஸ்போர்ட்ஸ் காரை ரசித்து ஓட்டுவதில் தவறே இல்லை. இவை சரியில்லை என்றால், அவர் சாதாரண காரைக்கூட ஓட்டக் கூடாது.

ஏன் அறுபதில் வருகிறது இந்த ஆசை?

ஆசை இருபதிலேயே வந்துவிடுகிறது. கைக்கு எட்டுவதுதான் தாமதம். பிள்ளைகள் படிப்பு, மகள் கல்யாணம், வீட்டுக் கடன் எல்லாம் முடிந்த பிறகுதான் நடுத்தரக் குடும்பத்தில் ஒருவருக்குத் தனக்கென்று செலவு செய்ய மனசு வருகிறது. கரும்பு, நெல், அரிசி ஆலை என்று ஓடிய கள்ளக்குறிச்சிப் பக்கத்து மனிதருக்கு அந்த ஓய்வு இன்னும் தாமதமாகவே கிடைக்கும்.

ஸ்போர்ட்ஸ் கார் என்றால் ஒன்றரைக் கோடி ரூபாய் போர்ஷேதான் என்றில்லை. குறைந்த எடை, தாழ்வான இருக்கை, திருப்பினால் உடனே கேட்கும் ஸ்டீயரிங், வளைவில் சாயாத உடல் ஆகியவைதான் அதன் அடையாளம். ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டை ஆலையில் தயாராகும் ஹூண்டாய் ஐ20 காரின் என் லைன் வகை முழு ஸ்போர்ட்ஸ் கார் அல்ல. ஆனாலும் அந்த ருசியில் ஒரு பங்கைச் சாதாரணக் குடும்பக் காரின் உடலிலேயே தருகிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

இந்தியாவில் கார் ஓட்ட அதிகபட்ச வயது வரம்பு எதுவும் இல்லை. 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி, 50 முதல் 55 வயதுக்குள் எடுக்கும் அல்லது புதுப்பிக்கும் சொந்த வாகன உரிமம் 60 வயது வரை செல்லும். 55 வயதுக்கு மேல், ஒவ்வொரு முறையும் 5 ஆண்டுகள். 40 வயதைக் கடந்தவர்கள் மருத்துவரிடம் படிவம் 1-ஏ சான்று வாங்கித் தர வேண்டும்.

நல்ல பகல் வெளிச்சத்தில் 25 மீட்டர் தொலைவில் உள்ள நம்பர் பிளேட் தெரிகிறதா, சிவப்பும் பச்சையும் பிரித்தறிய முடிகிறதா, மாலைக்கண் உண்டா, காது கேட்கிறதா என்றெல்லாம் உரிமத்துக்கான படிவங்கள் கேட்கின்றன. கேள்விகள் நல்லவைதான். ஆனால் “டாக்டர் கையெழுத்துதானே, வாங்கிக்கலாம்” என்ற நினைப்பில் இது பலருக்கு வெறும் காகித வேலையாகிவிடுகிறது. ஐந்து ஆண்டு இடைவெளியும் நீளம். 65 வயதில் தெளிவாக இருந்த கண்ணில் 68 வயதில் புரை வளர்ந்திருக்கலாம்.

ஜப்பானில் 75 வயதைக் கடந்தவர்கள் உரிமம் புதுப்பிக்கும்போது நினைவாற்றல், கவனம் ஆகியவற்றைச் சோதிக்கும் தேர்வை எழுத வேண்டும். 2022 மே முதல், குறிப்பிட்ட சில விதிமீறல்களைச் செய்த 75 வயதுக்காரர்கள் வண்டியை ஓட்டியும் காட்ட வேண்டும். அங்கே வயது உரிமத்தைப் பறிப்பதில்லை, சோதனையைத் தொடங்கி வைக்கிறது. இதுதான் சரியான முறை.

உடம்பு என்ன சொல்கிறது?

அறுபது வயதில் விழித்திரையை எட்டும் வெளிச்சம், இருபது வயதில் எட்டியதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். கண்மணி சுருங்குவதும் லென்ஸ் மஞ்சள் பூப்பதும் இதற்குக் காரணம். எதிரே வரும் லாரியின் ஹெட்லைட் பட்டபின் கண் பழைய நிலைக்குத் திரும்பவும் நேரம் பிடிக்கும். உளுந்தூர்பேட்டை - சேலம் நெடுஞ்சாலையில் இரவில் ஓட்டிய பெரியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அடுத்தது, கண் பார்த்ததற்கும் கால் பிரேக்கை மிதிப்பதற்கும் இடைப்பட்ட நேரம். அது ஒரு வினாடியிலிருந்து ஒன்றரை வினாடி ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் அந்த அரை வினாடியில் கார் 14 மீட்டர் கூடுதலாக ஓடிவிடும். ஒரு பேருந்தின் நீளத்தைவிட அதிகம். அதே அரை வினாடி 30 கி.மீ. வேகத்தில் வெறும் 4 மீட்டர்தான். உடம்பு இழந்த நேரத்தை, வேகத்தைக் குறைத்துத் திரும்ப வாங்கிவிடலாம்.

சில இழப்புகளைச் சரிசெய்யவும் முடியும். கண்புரை அறுவை செய்துகொண்ட முதியவர்களின் விபத்து விகிதம், செய்துகொள்ளாதவர்களுடையதைப் போல ஏறக்குறைய பாதிதான் என்று அமெரிக்காவில் 2002-ல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. சாவியைப் பிடுங்கி வைப்பதற்கு முன் அப்பாவைக் கண் மருத்துவரிடம் அழைத்துப் போவது நல்லது.

மலையில் 30 போதும்

ஸ்போர்ட்ஸ் கார் என்றதும் பலரும் நினைப்பது நேர் சாலையில் பறப்பதைத்தான். அதில் ஓட்டுநருக்கு வேலை குறைவு, மிதித்தால் போதும். இந்த வகைக் காரின் உண்மையான சுவை வளைவில் இருக்கிறது.

கணக்குப் போட்டால் புரியும். 20 மீட்டர் ஆரம் உள்ள ஒரு கொண்டை ஊசி வளைவில் 30 கி.மீ. வேகத்தில் திரும்பும்போது உடல் உணரும் பக்கவாட்டுத் தள்ளலை நெடுஞ்சாலையில் 100 கி.மீ. வேகத்தில் பெற வேண்டுமானால், சுமார் 220 மீட்டர் ஆரம் உள்ள வளைவு தேவை. தள்ளல் ஒன்றுதான். ஆனால் 100 கி.மீ. வேகத்தில் ஓடும் காரிடம் உள்ள மோதும் ஆற்றல், 30 கி.மீ. காரைப் போல 11 மடங்கு. வயதானவர்களின் எலும்பு அந்த மோதலைத் தாங்காது.

கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,000 முதல் 3,000 அடி வரை உயரும் கல்வராயன் மலை இதற்குப் பொருத்தமான இடம். கள்ளக்குறிச்சியில் காலை கிளம்பி, கச்சிராயப்பாளையம் தாண்டி, கோமுகி அணைப் பக்கமாக மலையேறி வெள்ளிமலை, கரியாலூர் போய் மதியத்துக்குள் இறங்கிவிடலாம். எந்த வளைவுக்கு எந்த கியர், எங்கே பிரேக்கை விடுவது, எப்போது ஸ்டீயரிங்கை நேராக்குவது என்று யோசித்து ஓட்டுவதில்தான் இன்பம். அந்தக் கணிப்பு நாற்பது வருடம் வண்டி ஓட்டியவரிடம் இருக்கும், நேற்று உரிமம் வாங்கிய பையனிடம் இருக்காது.

மலைச்சாலை யாருடையது?

இங்கே ஒரு எச்சரிக்கை அவசியம். கல்வராயன் மலை, மலையாளி பழங்குடி மக்களின் ஊர். 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் இம்மக்களின் வாழ்நிலை குறித்துத் தாமாக முன்வந்து வழக்கு எடுத்தபோது, சாலை வசதியும் அதில் பேசப்பட்டது. நோயாளியைத் தூக்கிச் செல்ல, பிள்ளைகள் பள்ளிக்குப் போக, விளைந்ததைச் சந்தைக்கு இறக்க என்று கேட்டுக் கேட்டுப் பெறும் சாலை அது. அதை வெளியூர்க்காரர் பொழுதுபோக்குத் தடமாக்க முடியாது.

பொதுச்சாலையில் பந்தயமோ வேகச் சோதனையோ நடத்துவது மோட்டார் வாகனச் சட்டத்தின் 189-வது பிரிவின்படி குற்றம். முதல் முறைக்கு 3 மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். அகலம் போதாத மலைச்சாலையில் இறங்கும் வண்டிதான் ஏறும் வண்டிக்கு வழி விட வேண்டும் என்பதும் விதி. வளைவுக்கு அந்தப் பக்கம் ஆடு மேய்ப்பவரோ, பஸ்ஸுக்கு நிற்கும் பாட்டியோ இருக்கலாம். கண்ணுக்குத் தெரிகிற தூரத்துக்குள் நிறுத்த முடிகிற வேகமே சரியான வேகம். அது 30 என்றால் 30, 20 என்றால் 20.

வேகமே வேண்டும் என்றால் அதற்கு இடம் இருக்கிறது. இருங்காட்டுக்கோட்டையிலும், கோவை செட்டிபாளையம் அருகே கரி மோட்டார் ஸ்பீட்வேயிலும் பந்தயத் தடங்கள் உள்ளன. அங்கே எதிரே பஸ் வராது.

அஜித்திடம் கற்க வேண்டியது

“அஜித் ஓட்டலையா?” என்று கேட்பவர்கள் உண்டு. 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் அவரது அணி 991 பிரிவில் மூன்றாம் இடம் பிடித்தபோது அவருக்கு 53 வயது. கொண்டாட்டத்தில் பலர் மறந்த விஷயம் ஒன்று உண்டு. பயிற்சியில் கார் மோதிய பிறகு, அணியின் நலன் கருதி அந்தக் காரை ஓட்டுவதிலிருந்து அவர் விலகிக்கொண்டு, ஜிடி4 பிரிவில் வேறொரு காரை ஓட்டினார். ஆசையையும் விடவில்லை, அளவையும் மீறவில்லை.

ஹாலிவுட் நடிகர் பால் நியூமேன் 1995-ல் தன் 70-வது வயதில் டேட்டோனா 24 மணி நேரப் பந்தயத்தில் தன் பிரிவில் வென்ற அணியில் ஓட்டினார். இருவரும் ஓட்டியது ஹெல்மெட்டோடு, மருத்துவக் குழு காத்திருக்கும் மூடிய தடத்தில். இதையும் சேர்த்தே உதாரணம் காட்ட வேண்டும்.

வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

* ஏறி இறங்க முடிகிறதா? தாழ்வான இருக்கையிலிருந்து யார் கையையும் பிடிக்காமல் பத்து முறை எழுந்து பாருங்கள். முழங்கால் மறுத்தால் அந்தக் கார் வேண்டாம்.
* கழுத்து திரும்புகிறதா? உட்கார்ந்தபடி இரண்டு தோள்களுக்கு மேலும் பின்னால் பார்க்க முடிய வேண்டும்.
* அடிப்பகுதி தட்டுமா? நம் ஊர் வேகத்தடைகள் தாழ்வான கார்களுக்கு எதிரி. அந்த வண்டியிலேயே உங்கள் தெருவை ஒரு முறை சுற்றுங்கள்.
* கிளட்ச் தேவையா? இடது முழங்கால் வலி இருந்தால் ஆட்டோமேட்டிக் நல்லது. மலை இறங்கும்போது அதையும் குறைந்த கியரில் நிறுத்தத் தெரிந்திருக்க வேண்டும். பிரேக்கை மட்டும் நம்பினால் அது சூடேறிப் பிடிப்பை இழக்கும்.
* என்ன மருந்து? இன்சுலினும் சில சர்க்கரை மாத்திரைகளும் சர்க்கரையைத் திடீரென இறக்கலாம். சில சளி, அலர்ஜி மருந்துகள் தூக்கம் வரவைக்கும். “கார் ஓட்டலாமா?” என்று மருத்துவரிடம் நேராகக் கேளுங்கள்.
* எப்போது ஓட்டுவது? பகலில், மழையும் பனிமூட்டமும் இல்லாத நாளில்.

அரசு செய்யக்கூடியது

கள்ளக்குறிச்சியில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. மாதம் ஒரு நாள், 60 வயதைக் கடந்த ஓட்டுநர்களுக்குக் கண், காது, சர்க்கரை, கழுத்து, அனிச்சைச் செயல் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் சோதித்து, உண்மையான படிவம் 1-ஏ கொடுக்கும் முகாமை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தோடு சேர்ந்து நடத்தலாம். டிராக்டர் ஓட்டுபவருக்கும் ஸ்கூட்டர் ஓட்டுபவருக்கும் அது பயன்படும். 65-க்குப் பிறகு ஆண்டுக்கொரு முறை கண் பரிசோதனையைக் கட்டாயமாக்குவதும் நியாயமே.

வீட்டில் உள்ளவர்களும் “இந்த வயசுல எதுக்கு?” என்று கேட்பதை விட்டு, ஒரு நாள் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து போய்வரட்டும். வளைவில் கோடு தாண்டுகிறாரா, கண்ணாடியைப் பார்க்கிறாரா, எதிரே வண்டி வந்தால் பதறுகிறாரா என்று பார்த்தால் தெரிந்துவிடும். நன்றாக ஓட்டினால் வாயைத் திறந்து பாராட்டிவிட வேண்டும். தடுமாறினால் அன்றைக்கே சொல்லிவிட வேண்டும். அப்படிச் சொல்லும் நாளில் மறுபேச்சு இல்லாமல் சாவியைக் கொடுப்பேன் என்று வண்டி வாங்கும்போதே ஒப்புக்கொள்கிற பெரியவருக்கு, அதுவரை கல்வராயன் மலையின் ஒவ்வொரு வளைவையும் ரசிக்க முழு உரிமை உண்டு.