மலைநாட்டுப் பிள்ளையும் பொறியியற் படிப்பும்

பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து அண்மையில் எமக்கு ஒரு கடிதம் வந்தது. எழுதியவர், தோட்டத்து மக்கள் 'ஸ்டோர்' என்று வழங்கும் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்யும் ஒரு தந்தை.

"ஐயா, என் மகளுக்கு ஆயுத பூஜை என்றால் உயிர். ரோலருக்குச் சந்தனப் பொட்டு வைக்க என்னோடு வருவாள். வைத்துவிட்டு, இது எப்படிச் சுற்றுகிறது, எது இதைச் சுற்ற வைக்கிறது என்று கேட்டுக்கொண்டே நிற்பாள். இப்போது பத்தாந் தரம் படிக்கிறாள். எஞ்சினியராக வேண்டும் என்கிறாள். எங்களைப் போன்றவர்களுக்கு அது நடக்கக் கூடிய காரியமா?"

நடக்கும் என்று ஒரே சொல்லில் பதில் எழுதிவிடலாம். ஆனால், அந்தச் சொல்லை நாம் முன்னொருமுறை ஆராயாமற் சொல்லி, அதன் விளைவை ஒரு மாணவன் அனுபவிக்கக் கண்டிருக்கிறோம். ஆகவே, அத்தந்தைக்கும், அவரைப் போன்ற பெற்றோர்க்கும் இவ்வாரம் சற்று விரிவாகவே எழுதுகிறோம்.

பதுளைப் பிள்ளைகளுக்குப் பொறியியல் இன்னதென்று காட்டப் படப் புத்தகம் வேண்டியதில்லை. எல்லவுக்கும் தெமோதரைக்கும் இடையே 1921இல் எழுந்த ஒன்பது வளைவுப் பாலத்தைப் பார்த்தாற் போதும். தெமோதரையில் ரயில் பாதை வளைந்து இறங்கி, தான் கடந்து வந்த நிலையத்தின் அடியிலேயே சுரங்கத்தினுட் புகுந்து செல்கிறது. மலையின் சரிவை வெல்ல அறிவு கண்ட வழி அது. 1924இல் அந்தப் பாதை பதுளையை வந்தடைந்தது.

மலையை அறியாமற் போனால் நேர்வது யாதென்பதையும் நம் மாவட்டம் கண்டிருக்கிறது. 2014 அக்டோபர் 29ஆந் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மண் சரிந்து லயங்களை மூடியதை யார் மறப்பர்? அவ்விடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. மண்ணை அளந்து சொன்னவர்கள் இருந்தார்கள். அவர்கள் சொன்னது லயத்து மக்களின் வாழ்வை மாற்றும் செயலாகவில்லை. அதே ஆண்டின் இறுதியில், உமா ஓயாத் திட்டத்துச் சுரங்கம் தோண்டப்பட்டபோது நிலத்தடி நீர் வடிந்து, பண்டாரவளைப் பகுதியிற் கிணறுகள் வற்றின. வீட்டுச் சுவர்கள் வெடித்தன. மண்ணும் பாறையும் நீரும் அறிந்து, நம் மக்களின் மொழியிலேயே அவர்களுக்கு எடுத்துரைக்கக் கூடிய பொறியியலாளர் நம் மலைக்கு எவ்வளவு தேவை என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

இனி, வழியைப் பார்ப்போம்.

முதலில் கணிதம். பொறியியற் படிப்பின் தலைவிதி பல்கலைக்கழக வாசலில் எழுதப்படுவதாகப் பலர் எண்ணுகின்றனர். உண்மையில் அது பத்தாம், பதினோராந் தரங்களிலேயே பெரும்பாலும் எழுதப்பட்டுவிடுகிறது. தோட்டப் பாடசாலைகள் 1970களிலும் அதன் பின்னருமே அரசின் பொறுப்பில் வந்தன. இன்றும் தமிழ்மொழி மூலம் கணிதமும் விஞ்ஞானமும் கற்பிக்கும் ஆசிரியர் இல்லாத குறை தீரவில்லை. உயர்தரத்திற் கணிதப் பிரிவு இல்லாத பாடசாலையில் கற்கும் பிள்ளை, 'இருக்கிற பாடத்தைப் படிப்போம்' என்று கலைப் பிரிவிற் சேர்ந்துவிடுகிறது. இது விருப்பத்தால் நேர்வதன்று. வழி தெரியாமையால் நேர்வது. ஆகவே, சாதாரண தரப் பரீட்சைக்கு முன்னரே, பதுளை, பண்டாரவளை, அப்புத்தளை போன்ற ஊர்களில் எப்பாடசாலையிற் கணிதப் பிரிவு உண்டு, தங்கிப் படிக்க இடமுண்டா என்பவற்றைப் பெற்றோர் நேரிற் சென்று விசாரித்தல் வேண்டும். பெறுபேறு வந்த பின் ஓடுவது காலங்கடந்த ஓட்டமாகும்.

உயர்தரத்தில் இணைந்த கணிதம், பௌதிகவியல், இரசாயனவியல் ஆகிய மூன்றும் கற்போர்க்கே பொறியியற் பீடத்தின் நேர்வழி திறந்திருக்கிறது. பல்கலைக்கழக இடங்களில் 40 வீதம் அகில இலங்கைத் தர வரிசைப்படியும், 55 வீதம் மாவட்டங்களின் குடித்தொகைப்படியும், எஞ்சிய 5 வீதம் கல்வி வசதி குறைந்த 16 மாவட்டங்களுக்கும் பங்கிடப்படுகின்றன. பதுளையும் மொனராகலையும் அப்பதினாறனுள் அடங்கும். இது நமக்கு ஓர் ஆதரவே. எனினும் அந்த ஒதுக்கீடு மாவட்டத்திற்கு உரியது. தோட்டத்திற்கெனத் தனியே யாதும் இல்லை. லயத்துப் பிள்ளை நகரத்துப் பெரிய பாடசாலைப் பிள்ளையோடு ஒரே வரிசையில் நின்றே போட்டியிட வேண்டும்.

1950இல் கொழும்பில் தோன்றிப் பின் பேராதனைக்குச் சென்ற பீடமும், மொறட்டுவைப் பல்கலைக்கழகமும் இத்துறையிற் பழமை வாய்ந்தவை. காலியில் ருகுணு, கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணம், ஒலுவிலில் தென்கிழக்கு, இவற்றோடு ஸ்ரீ ஜயவர்தனபுர ஆகிய பல்கலைக்கழகங்களிலும் பொறியியற் பீடங்கள் உள்ளன. படிப்பு நான்கு ஆண்டுகள். கல்விக் கட்டணம் இல்லை. வசதி குறைந்தோர்க்கு மகாபொல முதலிய உதவிப் பணமும் உண்டு. 'பெண் பிள்ளையை அவ்வளவு தூரம் அனுப்புவதா?' என்று தயங்கும் தாய்மார்க்கு ஒன்று சொல்வோம்: கொழும்பில் வீட்டு வேலைக்குப் பெண்களை அனுப்பத் தயங்காத நாம், பல்கலைக்கழக விடுதிக்கு அனுப்பத் தயங்குவது எவ்வகை நியாயம்?

பாடங்கள் யாவும் ஆங்கிலத்தில் நடைபெறும் என்பதை மறத்தலாகாது. உயர்தரத்தைத் தமிழிற் கற்று நல்ல புள்ளி பெற்ற பிள்ளையும் முதலாண்டில் திணறுவதுண்டு. நாளொன்றுக்கு ஒரு பக்கம் ஆங்கிலம் படிக்கும் பழக்கத்தை இன்றே தொடங்குதல் நலம்.

இப்போது, முன்னர் குறித்த மாணவனின் கதைக்கு வருவோம். எம்மிடம் இணைந்த கணிதம் பயின்றவன். கொழுந்து பறிக்கும் தாயின் மகன். முதன்முறை வெட்டுப்புள்ளிக்குச் சற்றே கீழே நின்றான். 'மறுபடி எழுது' என்றோம். இரண்டாம் முறையும் தவறியது. 'முயன்றால் முடியாததில்லை' என்றோம். பரீட்சைக்குத் தோற்ற மூன்று வாய்ப்புகளே உண்டு, மூன்றாவதும் போயிற்று. பின்னர், கொழும்பிற் புடைவைக் கடையொன்றில் நிற்கிறான் என்று கேள்விப்பட்டோம்.

சில ஆண்டுகள் சென்றபின் பதுளை பஸ் நிலையத்தில் அவனைக் கண்டோம். "சேர், உங்கள்மேல் எனக்குக் குறையில்லை. ஆனால், தொழில்நுட்பக் கல்லூரி நம் பதுளையிலேயே இருக்கிறதே, அதை எனக்கு ஒருவரும் சொல்லவில்லையே" என்றான். அவ்வொருவருள் நாமும் அடக்கம். அங்கே அவன் சேர்ந்தபோது வயது இருபத்து நான்கு. இன்று மின்துறையில் டிப்ளோமா பெற்று, கௌரவமான வேலையில் இருக்கிறான். கடையிற் கழிந்த ஆண்டுகளை மட்டும் நம்மால் அவனுக்குத் திருப்பிக் கொடுக்க இயலாது.

அவனுக்கு நாம் அன்று சொல்லத் தவறியவற்றை இன்று சொல்கிறோம்.

தேசிய தொழிற் தகைமை என்பது ஏழு படிகள் கொண்டது. ஐந்தாம் படி டிப்ளோமா, ஆறாவது உயர் டிப்ளோமா, ஏழாவது பட்டம். பதுளைத் தொழில்நுட்பக் கல்லூரியில் இப்பாதையில் அடியெடுத்து வைப்பவர், இரத்மலானையிலுள்ள தொழிற் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் வரை ஏறிச் செல்லலாம். வேலை பார்த்துக்கொண்டே பொறியியற் பட்டம் பெறத் திறந்த பல்கலைக்கழகம் வழி செய்கிறது. உயர்தரத்திலே தொழில்நுட்பப் பிரிவு என ஒன்றும் உண்டு. அதன் வழியாகப் பொறியியற் தொழில்நுட்பப் பட்டம் பெறலாம். நம் ஊரில் 2005இல் தோன்றிய ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகத்திற் தேயிலைத் தொழில்நுட்பமே ஒரு பட்டப்படிப்பாக இருக்கிறது.

ஆனால், பெயர்களிற் கவனம் வேண்டும். பொறியியற் பட்டமும் பொறியியற் தொழில்நுட்பப் பட்டமும் ஒன்றல்ல. 2017ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த பொறியியற் பேரவை, தகுதிக்கேற்ப வகை பிரித்தே பதிவு செய்கிறது. தனியார் நிறுவனங்களின் விளம்பரத்தைக் கண்டு நகையை அடகு வைக்குமுன், அப்பட்டத்திற்கு இலங்கைப் பொறியியலாளர் நிறுவனத்தின் அங்கீகாரம் உண்டா என்று எழுத்திற் கேட்டறிக. பதில் சொல்லத் தயங்கும் இடத்திற் பணம் கட்டற்க.

ஆகவே, உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கும்போதே மாற்று வழியையும் குறித்து வைத்துக்கொள்வது தோல்வியை எண்ணுவதாகாது. இரண்டாம் முறை எழுதும் பிள்ளை, அவ்வாண்டே தொழில்நுட்பக் கல்லூரிக்கும் விண்ணப்பித்து வைக்கட்டும்.

கடிதம் எழுதிய அன்பருக்கு இறுதியாக ஒரு வேண்டுகோள். அடுத்த முறை மகள் ஸ்டோருக்கு வரும்போது, மேலதிகாரியிடம் அனுமதி பெற்று, இயந்திரத்திற்குச் சற்று எட்டவே நிறுத்தி, ரோலர் ஒரு நிமிடத்தில் எத்தனை முறை சுற்றுகிறது என்று எண்ணச் சொல்லுங்கள். மோட்டாரின் தகட்டில் அதன் வேகம் பொறித்திருக்கும், அதையும் குறித்துக்கொள்ளட்டும். மோட்டார் அத்தனை விரைவாகச் சுழல, ரோலர் இத்தனை மெதுவாகச் சுற்றுவது எதனால் என்று அவளே கண்டுபிடிக்கட்டும். விடை தெரியாவிட்டால், அந்த இயந்திரத்தைப் பழுது பார்ப்பவரிடம் கேட்கட்டும். அவள் கண்ட விடையை எமக்கு எழுதியனுப்பினால் மகிழ்வோம்.